டேனிஷ் மட்டும் மிச்சம்

மே 7, வியாழன்

மழை. குடை பிடிக்கும் அளவுக்கு இல்லை, பிடிக்காவிட்டால் நனையும் அளவுக்கு உண்டு. நாளை பெரிய ஜெப நாள், கடைகள் பூட்டு. வாங்கியவை: பால், முட்டை, வெங்காயம், மகள் மதுராவுக்கு ஷாம்பூ, போன் காட். காட் இரண்டு. ஊருக்கு எடுத்துக் கதைக்க ஆள் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு கிழமையும் வாங்குகிறேன்.

சாந்தியிடமிருந்து மார்கழிக்குப் பிறகு ஒன்றுமில்லை. என் ஒரே தங்கை. வன்னியில் கணக்கு ரீச்சர். அவளும் புருஷனும் புதுக்குடியிருப்புப் பக்கம் நின்றதாக யாரோ யாருக்கோ சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அதற்குப் பிறகு சனம் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டது என்கிறார்கள்.

வளர்ந்தவர்களுக்கான பள்ளியில் வகுப்பு இருந்தது. டேனிஷ் ரீச்சர் லிஸ்பெத் ஏலக்காய் போட்ட பணிஸ் கொண்டு வந்தார். ஜெப நாளுக்கு முதல் நாள் இங்கே எல்லாரும் தின்பது. இங்கே ரீச்சரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவது, நான் ‘மிஸ்’ என்று கூப்பிட்டு இப்போதும் வாயைக் கடிக்கிறேன். கிம் பணிஸ் நான்கு தின்றார். கிம் மேசனாக இருந்தவர், முதுகு போய்விட்டது, ஐம்பது வயதில் என் பக்கத்துக் கதிரையில்.

பாடம்: ஒரு விஷயம் ஏன் பேப்பரில் வருகிறது? ஐந்து அளவுகோல். புதிதாக இருக்க வேண்டும். முக்கியமாக இருக்க வேண்டும். மோதல் இருக்க வேண்டும். அதிசயமாக இருக்க வேண்டும். ஐந்தாவது ஒரு நீளச் சொல், இடென்டிஃபிகாஷோன். அகராதியில் ‘அடையாளங்காணல்’. ஒரு மண்ணும் விளங்கவில்லை. கிம் விளக்கினார்: “உன்னைப் போல ஒருவருக்கு நடந்தால்தான் நீ வாசிப்பாய், அவ்வளவுதான்.” அட, இதுதானா. பக்கத்தில் எழுதி வைத்தேன்: எங்கடை ஆக்கள்.

மே 9, சனி

மழை இல்லை, காற்று. துணி வெளியில் போட்டது பாதி வேலியில்.

பவானி மச்சாள் வந்தா. இவரின் அக்கா. பாவம், மெலிந்து போனா. நாள் முழுக்கத் தொலைபேசி, போரை நிறுத்தச் சொல்லி எம்.பி.மாருக்குக் கடிதம், கூட்டம், துண்டுப் பிரசுரம். தன் வீட்டில் அடுப்பு மூட்டி எத்தனை நாளோ. சோறு போட்டுக் கொடுத்தேன். பாதி சாப்பிடும்போது மேசையில் என் புத்தகத்தைக் கண்டா.

“இந்த நேரத்திலையும் புத்தகமோ?”

“சோதினை வருது மச்சாள்.”

“என்ன சோதினை? அது இஞ்சத்தைப் பெடியள் படிப்பு ஏறாமல் போய்க் குந்துற இடமெல்லே. படிக்கிறதெண்டால் நேரா யூனிவர்சிற்றிக்குப் போகோணும். என்ரை மகன் போகேல்லையே? ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்றது, தம்பியின்ரை மனுசி முப்பத்தொன்பது வயசிலை பள்ளிக்கூடம் போறாள் எண்டோ?”

“ஓம், அப்பிடியே சொல்லுங்கோவன்.”

இவர் இருமினார். வாயை மூடினேன். மச்சாளுக்குச் சொல்லாமல் விழுங்கியவை:

– அங்கே ஒவ்வொரு பாடமாக எடுக்கலாம். வேலையும் பிள்ளையும் இருந்தவளுக்கு அதுதான் முடிந்தது.
– வயது கேட்பதில்லை. கேட்டாலும் கிம் இருக்கிறார்.
– ரசாயனத்தில் முதல் தரம் விழுந்தேன். வாத்தியார் “இன்னொரு தரம் செய்” என்றார். முடிந்தது கதை. எங்கள் ஊராக இருந்தால் கலியாண வீட்டில் வைத்து விசாரித்திருப்பார்கள்.
– வகுப்பில் பதினைந்து பேர்தான். ஒரு நாள் போகாவிட்டால் லிஸ்பெத் தொலைபேசி எடுப்பார்.
– நேரே பல்கலைக்கழகம் போயிருந்தால் முதல் நாளே கோட்டைக் கழற்றாமல் திரும்பி வந்திருப்பேன். இவ்வளவு பெரிய மண்டபம், எனக்கோ ‘மன்னிக்கவும், விளங்கவில்லை’ என்று சொல்லக்கூட அந்த நேரம் டேனிஷ் வராது.
– இங்கேயிருந்து லபொரான்ட் படிப்பு, ஆய்கூட வேலை. அதற்குப் பிறகு ஆசை இருந்தால் அதற்கு மேலேயும். கதவு பூட்டியில்லை.
– கன்ரீன் கோப்பி பரவாயில்லை.

மச்சாளின் மகன் டொக்டருக்குப் படிக்கிறான். நல்ல பிள்ளை. கண்டால் தலையை ஆட்டுவான், தமிழ் வராது.

மே 11, திங்கள்

சோதனை நாட்கள் சுவரில் ஒட்டிவிட்டார்கள். என் டேனிஷ் வாய்மொழி 20ஆம் திகதி, புதன்.

கணக்கு முடிந்தது. ரசாயனம் முடிந்தது. டேனிஷ் மட்டும் மிச்சம். இது கிடைத்தால் லபொரான்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆவணியில் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் ஓகஸ்டில் மறு சோதனை, அதற்குள் இந்த வருட இடங்கள் நிரம்பிவிடும். பிறகு இன்னொரு வருடம். நான் வேலை செய்த பெட்டித் தொழிற்சாலை மாசியில் எங்களை வீட்டுக்கு அனுப்பியது, திரும்பக் கூப்பிடுவார்கள் என்று அங்கே கூட்டுகிறவர்கூட நம்பவில்லை. இன்னொரு வருடம் வீட்டில் இருந்தால் நான் பிறகு போகமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் முன்னால் இருந்த இரண்டு பெண்கள்: “கடைசியில் ரோஸ் நிறமா எடுத்தாய்?” “பூசிப் பார்த்தேன், அறை முழுக்க இல்லை, ஒரு சுவர்தான்.” வீடு வரும்வரை சுவர். எனக்குப் பொறாமை.

மே 13, புதன்

குளிர்ந்த வெயில். மதுராவைச் சோதகர் ஆக்கினேன். பதினைந்து வயது, காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு சோதகர். ஒரு கட்டுரையை எடுத்து நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். முடிய அவள் டேனிஷில் சொன்னாள், “அம்மா, நீ கதைக்கேல்லை. கோயிலில் தேவாரம் சொல்ற மாதிரிச் சொல்றாய்.”

கோபம் வந்தது. உண்மை என்பதால்தான் வந்தது. ஊரில் ஏ.எல். சோதனை வரைக்கும் நான் பக்கம் பக்கமாகப் பாடமாக்கிப் படித்தவள். அப்படித்தான் எல்லாரும். சாந்தி மட்டும் பாடமாக்க மாட்டாள், ஏன், எப்படி என்று கேட்டு வாத்தியார்மாரின் உயிரை எடுப்பாள். அவள் கம்பஸில் படிக்கப் போனாள். நான் கலியாணம் கட்டி இங்கே வந்தேன்.

லிஸ்பெத்தும் இதையேதான் சொல்கிறார். “உனக்கு என்ன தோன்றுகிறது?” எனக்குத் தோன்றுவதை யாரும் சோதனையில் கேட்டதில்லை. கூடவே ஒரு கட்டளை: தாளில் இருப்பதை வைத்துத்தான் கதைக்க வேண்டும், சொந்தக் கதை அளக்கக் கூடாது. தோன்றுவதைச் சொல், சொந்தக் கதை வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நூல் போல ஒரு பாதை, அதில் நடக்கட்டாம்.

கத்தரிக்காய் கருகிவிட்டது.

மே 15, வெள்ளி

இவர் வேலையால் வந்து கோட்டும் சப்பாத்தும் கழற்றாமல் கொம்பியூட்டருக்கு முன்னால். வேயர்ஹவுசில் ஃபோர்க் லிஃப்டைச் சுவரில் இடித்துவிட்டாராம். ஒருவரும் ஏசவில்லையாம், அது இன்னும் மோசம் என்றார்.

செய்தித் தளங்களில் வன்னிப் படங்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். ஒவ்வொரு படத்திலும் சாந்தியின் நெற்றியைத் தேடுகிறேன். இல்லை என்றதும் நிம்மதி. அடுத்த படம்.

படித்தது: ஒன்றுமில்லை. பக்கம் திறந்து இருந்தது.

மே 17, ஞாயிறு

மண்டபத்தில் தமிழ் ஆட்களின் கூட்டம். ஒருவருக்கும் கதைக்க வரவில்லை, ஆனாலும் எல்லாரும் கதைத்தார்கள். முடிவு: புதன்கிழமை கொப்பன்ஹேகன், பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். இங்கேயிருந்து பஸ் ஒன்று.

புதன்கிழமை.

மச்சாள் பேர் பதிந்துகொண்டு வந்தா. “சுகந்தி, உனக்கு முன்சீற். உன்ரை தங்கச்சி உள்ளுக்கை நிக்கிறாள், நீதான் மைக்கிலை ரெண்டு வார்த்தை சொல்லோணும். டேனிஷும் உனக்கு வரும் தானே.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல பார்வை. அன்பான பார்வை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோழை.

வரும் வழியில் இரண்டு பக்கமும் கடுகு வயல் மஞ்சளாக. இவர் காரை மெதுவாக ஓட்டினார்.

மே 18, திங்கள்

வெயில். இப்படி ஒரு நாளில் வெயில்.

முடிந்துவிட்டதாம்.

டேனிஷ் செய்தியில் கடைசிக்குக் கொஞ்சம் முதல் சொன்னார்கள். ஆசியாவின் நீண்ட போர்களில் ஒன்று. தீவின் வரைபடம், அதில் கொழும்பு மட்டும். தெருவில் கொடி பிடித்து ஆடுகிறவர்கள். பிறகு கைப்பந்துப் போட்டி. இவர் ரிமோட்டை மேசையில் வைத்தார். எறிவார் என்று நினைத்தேன், மெதுவாகத்தான் வைத்தார்.

தொலைபேசி ஓயவில்லை. ஒஸ்லோ, ரொறன்ரோ, விபோர்க்கில் இருந்து இவரின் சிநேகிதர். எல்லாரும் ஒரே கேள்வி: ஏதும் தெரியுமா? எல்லாருக்கும் ஒரே பதில்.

சமைக்கவில்லை. மதுரா பாண் வெட்டி, பட்டர் பூசிக் கொண்டு வந்து வைத்தாள். “சாப்பிடுங்கோ அம்மா.” தமிழில். அவள் தானாகத் தமிழில் கதைத்ததுதான் எனக்குப் பயத்தைக் கொண்டு வந்தது.

சாந்தி. சாந்தி.

மே 19, செவ்வாய்

காலையில் லிஸ்பெத் தொலைபேசியில். செய்தி பார்த்தாராம். “சுகந்தி, உனக்குச் சுகமில்லை என்று அலுவலகத்துக்கு நான் எழுதலாம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஓகஸ்டில் செய்.”

“ஓகஸ்ட் என்றால் லபொரான்ட்?”

“அடுத்த வருடம்,” என்றார். பிறகு, “நீ எதைச் செய்தாலும் சரி. ஆனால் நீயே முடிவு செய்.” இங்கே எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ய வேண்டும். யாராவது ‘போ’ என்று அதட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மத்தியானம் மச்சாள். “விடிய அஞ்சு மணிக்கு பஸ். கறுப்பு உடுத்திக்கொண்டு வா.”

“எனக்கு நாளைக்குச் சோதினை, மச்சாள்.”

“உன்ரை தங்கச்சியை விடச் சோதினை பெரிசோ?”

“இல்லை.”

“அப்ப?”

அவ காத்திருக்கவில்லை, வைத்துவிட்டா. மச்சாளில் கோபமில்லை. அவ கேட்டது நான் காலையில் இருந்து என்னைக் கேட்டது.

நாளைக்கு நான் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றால் சாந்திக்கு அதால் ஒன்றும் மாறாது. சோதனையில் இருந்தாலும் அவளுக்கு ஒன்றும் மாறாது. ஒன்றால் எனக்கு நன்மை. இதை எழுதக் கை கூசுகிறது. அவள் இருக்கிறாளா என்றே தெரியாத நாளில் எனக்கு நன்மை வேண்டிக் கிடக்கிறது.

பின்னேரம் இவர் கறுப்புச் சேட் அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றார். நிமிராமலே சொன்னார். “பஸ்ஸிலை அம்பது பேர் வருவினம். உன்ரை சோதினைக்கு நீ ஒராள்தான். நீ போ.”

“மச்சாள்?”

“அக்காவை நான் பாக்கிறன்.”

கலியாணம் முடிந்து பதினேழு வருடத்தில் இந்த மனிதர் சொன்னதில் நல்ல வார்த்தை இதுதான். அயர்னை என்னிடம் தந்துவிட்டு என்னுடைய கறுப்புச் சட்டையைத் தேடிக்கொண்டு வந்தார்.

மே 20, புதன்

இவர் விடிய முதல் போய்விட்டார். மதுரா பள்ளிக்கூடம் போகும்போது கட்டிப் பிடித்தாள், சும்மா செய்யாத பிள்ளை.

கறுப்பு உடுத்திக்கொண்டு போனேன். வாசலில் கிம் சிகரெட்டோடு, தன் முறைக்குக் காத்துக்கொண்டு. என் உடுப்பைப் பார்த்தார். தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார்.

மேசையில் பச்சைத் துணி. அதில் கவிழ்த்துப் போட்ட தாள்கள். ஒன்றை எடுத்தேன். தயார் செய்யத் தனி அறை. திறந்து பார்த்தால் உள்ளூர்ப் பேப்பரில் வந்த செய்தி: வாத்துக் குஞ்சுகள் தெருவோரத் தண்ணீர்க் குழிக்குள் விழுந்துவிட்டன, தீயணைப்புப் படை வந்தது, போக்குவரத்தை நிறுத்தினார்கள், ஒவ்வொன்றாக எடுத்துத் தாயிடம் விட்டார்கள். படத்தோடு அரைப் பக்கம். கேள்வி: இது ஏன் செய்தியாகிறது?

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அந்த அறையில் வேறு யாரும் இல்லாதது நல்லது. அழுது முடித்து, ஐந்து அளவுகோலையும் எழுதினேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

உள்ளே லிஸ்பெத்தும், வெளியிலிருந்து வந்த சோதகரும். அவர் வயதானவர், கம்பளி வெய்ஸ்ட்கோட், மூக்கு நுனியில் கண்ணாடி. முதலில் அவர் கோப்பி எடுக்க வெளியே போனார். திரும்பி உள்ளே வந்ததும் நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். பழக்கம், வாத்தியார் வந்தால் கால் தானாக எழும்பும். அவர் யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். லிஸ்பெத், “இரு, சுகந்தி, இரு,” என்றார்.

தொடங்கினேன். தேவாரம்தான். புதிது, முக்கியம், மோதல், அதிசயம், இடென்டிஃபிகாஷோன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனம், மூச்சு விடாமல். முடிந்தது. மிச்ச நேரம் முழுக்க அப்படியே கிடந்தது. லிஸ்பெத் தன் பேனாவைப் பார்த்தார். சோதனையில் விழப் போகிறேன், பஸ்ஸிலும் இல்லை, இங்கேயும் இல்லை.

சோதகர் கேட்டார், “இன்னும் சொல்ல இருக்கிறதா?”

“ஓம்,” என்றேன்.

டேனிஷில் யா என்று சொல்ல வேண்டியது, வாயில் ஓம் வந்துவிட்டது. அவர்களுக்கு ‘ஒம்’ என்றால் ‘பற்றி’. அவர் முன்னால் சாய்ந்தார். “எதைப் பற்றி?”

மனுஷன் உண்மையாகவே கேட்டார். எதைப் பற்றி? திருத்தப் போனேன், திருத்தவில்லை.

“இடென்டிஃபிகாஷோன் பற்றி,” என்றேன். “என் மொழியில் இதற்கு அகராதிச் சொல் சரியில்லை. நாங்கள் ‘எங்களுடைய ஆட்கள்’ என்போம். இந்தக் குஞ்சுகள் இங்கே எல்லாருடைய ஆட்கள். இந்தத் தெருவை வாசிக்கிறவருக்குத் தெரியும், அந்தத் தீயணைப்பு வீரர் யாரோ ஒருவரின் மகன். அதனால் அரைப் பக்கம். இந்த இரண்டு நாளாக அதே பேப்பரில் வேறொரு செய்தி வந்தது. புதிது. முக்கியம். மோதல். அதிசயம்கூட. நான்கு அளவுகோலும் இருக்கிறது, ஐந்தாவது இல்லை. அதற்கு இரண்டு விரல் அகல இடம்.” இலக்கணம் எங்கேயோ போய்விட்டது, சொற்களின் ஒழுங்கெல்லாம் மாறி வந்தது. பேப்பர்காரர்மேல் எனக்குக் கோபமில்லை என்றும் சொன்னேன். நானும் வேறு நாட்டுப் போரென்றால் புரட்டிவிட்டு மலிவு விற்பனை பார்க்கிறவள்தான் என்றேன். குஞ்சுகள் தப்பியது எனக்குச் சந்தோஷம் என்றேன். அதுவும் உண்மை.

சோதகர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்த இடத்தில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?”

லிஸ்பெத் நிமிர்ந்தார்.

“அது தாளில் இல்லை,” என்றேன்.

வெளியே நின்றேன். கிம் தோளில் கை வைத்தார், உடனே எடுத்தார், தமிழ்ப் பெண்ணைத் தொடலாமா என்று யோசித்திருப்பார். கதவு திறந்தது. ஏழு. பாஸ். லிஸ்பெத்தின் கண் சிவந்திருந்தது. சோதகர் கை தந்து, இலக்கணத்தைக் கவனிக்கச் சொன்னார்.

பஸ் தரிப்பில் இருந்து இவருக்குப் போன் எடுத்தேன். அவருக்குப் பின்னால் பெரிய சத்தம், பறை, ஆயிரம் பேர் கத்துகிறார்கள். “பாஸ்,” என்று கத்தினேன். “என்ன?” என்றார். “பாஸ்!” “கேக்கேல்லை, பிறகு எடு.”

மே 21, வியாழன்

விடுமுறை. இவருக்குத் தொண்டை அடைத்துப் போயிற்று, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அங்கே மைக்கில் மச்சாளே பேசினாவாம். சாந்தியின் பேரைச் சொன்னாவாம். டேனிஷ் பிழையாம், ஆனாலும் எல்லாரும் அழுதார்களாம்.

மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை. இவரிடம் கேட்டேன், “கோவமோ?” “களைப்பு,” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

விண்ணப்பத்தை மதுராவோடு இருந்து கொம்பியூட்டரில் அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அவளே அமத்தினாள். சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 24, ஞாயிறு

முகாம்களில் பேர்கள் சேர்க்கிறார்களாம். வவுனியாவில் இவருக்குத் தெரிந்த கடைக்காரரிடம் சாந்தியின் பேரும் பிறந்த திகதியும் கொடுத்தாயிற்று. ஒன்றுமில்லை. மழை.

ஜூன் 2, செவ்வாய்

வெயில். ஜன்னல் துடைத்துக்கொண்டு நின்றேன். தெரியாத நம்பர். விற்பனைக்காரர் என்று நினைத்து எடுத்தேன்.

“அக்கா.”

சாந்தி. சாந்தியின் குரல்தான், கொஞ்சம் உடைந்து. முகாமில் இருக்கிறாள். யாரோ ஒருவரின் போனாம், கனநேரம் கதைக்கேலாதாம்.

“ஆர் ஆர் இருக்கிறியள்?” என்று கேட்டேன்.

“நான் இருக்கிறன். அவர் இல்லை, அக்கா.”

அவள் அழவில்லை. பின்னால் பிள்ளைகளின் சத்தம், யாரோ வாளியை இழுக்கும் சத்தம். பிறகு அவளே கேட்டாள், “நீ என்ன செய்யிறாய்? வேலை இருக்கோ?”

“சும்மா வீட்டிலை,” என்றேன். அவளிடம் எதை எப்படிச் சொல்வது.

மதுரா பக்கத்தில் நின்றாள். போனை என் கையிலிருந்து பறித்தாள். “சித்தி, நான் மதுரா. அம்மா பொய் சொல்லுது. அம்மா படிக்குது. சோதினை பாஸ்.” அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. பறித்து எடுத்துக் காதில் வைத்தேன். வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“என்ன பாடம்?” என்றாள்.

“டேனிஷ்.”

“எத்தினை மாக்ஸ்?”

“ஏழு.”

“எத்தினைக்கு?”

“பன்னிரண்டுக்கு.”

என் தங்கை, வகுப்பில் நின்று சொல்வது போலச் சொன்னாள், “ஏழு காணாது, அக்கா. இன்னும் வடிவாப் படி.”

லைன் அறுந்துவிட்டது.